பதினாலாவது கட்டில்

அந்த வீட்டில் இரண்டு டிரைவர்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. மனைவியும் டிரைவர் வேலைதான் பார்க்கிறார் என்று யாரோ அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்ல, "அந்தம்மா ஓட்டுறது பஸ்ஸா, லாரியா?" என்று கொஞ்ச காலம் விசாரணை நடந்தது. அவர் எதையும் ஓட்டவில்லை, எழுதுகிறார். கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டை வேலை வாங்க ஒரு புரோகிராம் வேண்டும், அதற்கும் டிரைவர் என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அலுவலகத்தில் அவருக்கு 'தொடாதே அக்கா' என்று பெயர். கூப்பிடுகிறவர்கள் முகத்துக்கு நேரே 'அக்கா' என்றும், அவர் அந்தப் பக்கம் போனதும் முழுப்பெயரையும் சொல்வார்கள். அவருக்கு அது தெரியும். உள்ளூரப் பெருமையும்கூட.

பெயருக்குக் காரணம் இருக்கிறது. கார்டில் வெளியிலிருந்து சேதிகள் வந்து விழுகின்றன. சாதாரண டிரைவர் என்ன செய்யும் என்றால், வந்த சேதியை மெமரியில் ஓரிடத்தில் வாங்கி வைக்கும். பிறகு அதை இன்னோரிடத்தில் நகல் எடுத்து, கேட்ட புரோகிராமின் கையில் கொடுக்கும். ஒன்றிரண்டு சேதி என்றால் சரி. நொடிக்கு லட்சக்கணக்கில் வந்து கொட்டினால் நகல் எடுத்தே கம்ப்யூட்டர் மாய்ந்துபோகும். அக்காவுக்கு இந்தப் பிழைப்பே பிடிக்காது. கார்டு எந்த இடத்தில் எழுதியதோ அந்த இடத்தையே புரோகிராமிடம் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். இதோ இருக்கிறது, படித்துக்கொள், முடிந்ததும் இடத்தைத் திருப்பிக் கொடு. நடுவில் ஒரு பயல் தொடக் கூடாது. யாராவது நகல் எடுக்கிற மாதிரி ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தால், அதன் பக்கத்தில் சிவப்பில் 'தொடாதே' என்று போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வேறு விளக்கம் எதுவும் இருக்காது.

இந்த வியாதி வீட்டிலும் உண்டு. சமைத்த பாத்திரமே மேசைக்கு வரும், வேறு பாத்திரத்துக்கு மாற்றுகிற வழக்கமே கிடையாது. காய்ந்த துணி கொடியிலிருந்து நேராக அலமாரிக்குள் போக வேண்டும், நடுவில் கட்டிலில் குவித்து வைத்தால் பேச்சு விழும். கணவர் வேலை முடிந்து வந்து சாவியை மேசைமேல் வைத்து, செருப்பைக் கழற்றி, பிறகு சாவியை எடுத்து ஆணியில் மாட்டுவார். பதினெட்டு வருடமாக அதே வரிசை, பதினெட்டு வருடமாக அதே கேள்வி.

"ஒரு சாவியை எதுக்குங்க ரெண்டு தடவை வைக்கிறீங்க?"

"நான் வச்சா உனக்கு ஏம்மா கை வலிக்குது?"

இப்படித்தான் அவர்கள் குடித்தனம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனி சின்னது, மொத்தமே முப்பது பேர். ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. சோதனை அறைக்குள் போனால் மின்விசிறிகள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடுகூடக் கத்தித்தான் பேச வேண்டும். அந்த அறையில்தான் அக்கா இரண்டு வருடம் உட்கார்ந்து, மருத்துவமனைகளுக்கான ஒரு பெட்டிக்கு டிரைவர் எழுதினார். நோயாளிகளின் மானிட்டர்களிலிருந்தும் ஸ்கேன் எந்திரங்களிலிருந்தும் வருகிற எல்லாவற்றையும் அந்தப் பெட்டி வாங்கி, பார்க்க வேண்டியவர்களின் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். விற்பனைக்கு அச்சடித்த தாளின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'ஒரு நகலும் இல்லை' என்று போட்டிருந்தார்கள். அந்த வாசகத்தைக் கொடுத்தவர் அக்காதான். மேசை இழுப்பறையில் ஒரு தாளை மடிக்காமல் வைத்திருந்தார்.

முதல் பெட்டி ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குப் போயிற்று, பதினாறு கட்டில் உள்ள வார்டு. ஒரு மாதம் சோதனை ஓட்டம். அதுவரை பழைய பெட்டியும் பழைய திரையும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே புதியது சொதப்பினாலும் யாருக்கும் ஆபத்தில்லை. மாதக் கடைசியில் வார்டு ஒப்புக்கொண்டால் பழையதைக் கழற்றிவிடுவார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன என்பதை மேலாளர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது ஓடலன்னா, பழைய டிரைவரையே போட்டு வித்துடச் சொல்லிட்டாங்க. மெதுவா ஓடும், ஆனா ஓடும்."

பழைய டிரைவர் என்றால் சேதிக்குச் சேதி நகல் எடுக்கிற டிரைவர். அப்படி ஆனால் அக்காவின் இரண்டு வருடமும் மூட்டை கட்டிப் பரணில் போட்ட மாதிரிதான். மேலாளர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், அவருக்குக் கீழே வேலை கற்றவர், அக்கா என்றால் மரியாதை. அவரே இப்படிச் சொல்ல நேர்ந்ததில் அவருக்கும் முகம் சுண்டிப்போயிருந்தது.

மூன்றாவது வாரம் மருத்துவமனையிலிருந்து ஒரு வரி வந்தது. 'திரை அவ்வப்போது உறைந்துவிடுகிறது.' எப்போது, எவ்வளவு நேரம், ஒன்றும் இல்லை. அக்கா சோதனை அறையில் பெரிய பெரிய ஸ்கேன் படங்களை லட்சக்கணக்கில் அனுப்பிப் பார்த்தார். தலைகீழாக நின்று பார்த்தார். ஒன்றும் உறையவில்லை, எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே வார்டுக்குப் போய்விட்டார்.

தலைமைச் செவிலியர் குள்ளமானவர், கொண்டையில் பேனா செருகியிருந்தார். நடக்கும்போதே பதில் சொல்கிற ஆள், நின்று பேச நேரமில்லை. அக்கா பின்னாலேயே ஓடினார்.

"எப்ப சிஸ்டர் உறையுது?"

"பதினாலாவது ஆள் வந்தா."

"அப்படின்னா?"

"வார்டுல பதிமூணு பேர் இருக்கிற வரைக்கும் சமத்தா ஓடுது மேடம். பதினாலாவது ஆள் வந்து படுத்தா, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்குது. ஒரு பதினஞ்சு செகண்டு. அப்புறம் தானா முழிச்சுக்குது. எங்க பொண்ணுங்க, பதினாலாவது கட்டிலே ராசியில்லன்னு சொல்றாங்க. நான் அதை லெட்டர்ல எழுத முடியுமா? சிரிப்பீங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வரத்தான் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு செவிலியரின் மேசைக்கு எதிரே நின்று திரையைப் பார்த்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோடு. கோட்டின் நீளம், கடந்த பத்து நிமிடம். பத்து நிமிடக் கோட்டை வரைய வேண்டும் என்றால், அந்தத் திரைப் புரோகிராம் பத்து நிமிடத்துச் சேதிகளையும் கையில் பிடித்துக்கொண்டுதானே இருக்கும்? மானிட்டர் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு சேதி அனுப்புகிறது. ஒரு கட்டிலுக்கு அறுநூறு. பதிமூன்று கட்டிலுக்கு ஏழாயிரத்து எண்ணூறு. பதினாலுக்கு எட்டாயிரத்து நானூறு.

சேதிகளை வாங்கி வைக்க டிரைவர் ஒதுக்கியிருந்த இடங்கள் மொத்தம் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் அக்காவேதான்.

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பெல்லாம் இறங்கிவிட்டது. பதினாலாவது ஆள் வந்தால் ஒன்பதே முக்கால் நிமிடத்தில் எல்லா இடமும் தீர்ந்துவிடும். பத்தாவது நிமிடத்தில் பழைய சேதிகள் திரும்பி வரத் தொடங்கும்வரை புதியது எதையும் கார்டு வாங்காது. அதுதான் அந்தப் பதினைந்து நொடி. செவிலியர்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி, ராசியில்லாதது கட்டில் அல்ல என்பதைத் தவிர.

சோதனை அறையில் ஏன் தெரியவில்லை என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது. அங்கே அக்கா எழுதிய சோதனைப் புரோகிராம் நல்ல பிள்ளை. சேதியைப் பார்த்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். உலகத்தில் உள்ள புரோகிராம் எல்லாம் தன்னைப் போலவே கறாராக இருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் மேலாளரிடம் கணக்கைச் சொன்னார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்ளோதானா? எண்ணிக்கையை ரெண்டு மடங்காக்கிடுங்க. ஒரே ஒரு நம்பர். மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்."

முடிந்துவிட்டது. அன்று மாலையே வார்டில் பதினைந்து பேர் இருந்தார்கள், திரை கண்ணை மூடவில்லை. மேலாளர் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அக்கா தன் கோப்பையை ஆற விட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மடங்காக்கினால் இருபத்தேழு கட்டில் தாங்கும். இருபத்தெட்டாவது ஆள் வந்தால் மறுபடியும் இதே கதை. அடுத்ததாகப் பெட்டி கேட்டிருக்கிற மருத்துவமனையில் வார்டுக்கு நாற்பது கட்டில். இன்னும் கூட்டலாம், இன்னும் கூட்டலாம், ஆனால் எங்கோ ஒரு கட்டில் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

சரியான வைத்தியம் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். அதுதான் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இடமும் ஸ்கேன் படத்தின் துண்டுகளுக்காக அளந்து வைத்தது, இரண்டாயிரத்துச் சொச்சம் பைட் கொள்ளும். மானிட்டர் அனுப்புகிற சேதி வெறும் தொண்ணூறு பைட். அந்தச் சுண்டைக்காய்க்காக அவ்வளவு பெரிய இடத்தைப் பத்து நிமிடம் பூட்டிப் போடுகிறோம். சின்னச் சேதி வந்தால் அந்தத் தொண்ணூறை மட்டும் ஒரு சின்ன இடத்தில் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, பெரிய இடத்தை அந்த நொடியே கார்டுக்குத் திருப்பிவிடலாம். ஆறு வரி வேலை.

ஆனால் அது நகல். போன வருடம் இதே ஆறு வரியை ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். அக்கா முழுதாகப் படிக்கக்கூட இல்லை, சிவப்பில் 'தொடாதே' என்று போட்டு அனுப்பிவிட்டார். அந்த ஒருவர்தான் இப்போது மேலாளர்.

அந்த வாரம் அக்கா வீட்டிலும் கலகலப்பாக இல்லை. கணவர் சாவியை மேசையில் வைத்தார், எடுத்து ஆணியில் மாட்டினார், பேச்சே விழவில்லை. அவருக்குப் பயமாகப் போய்விட்டது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். பாதி புரிந்ததோ முழுதும் புரிந்ததோ, அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப ஓடுதுல்ல? அப்புறம் யாருக்குக் கஷ்டம்?"

"இப்ப யாருக்கும் இல்லைங்க. எனக்குத்தான். ஒரு நகலும் இல்லன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டு, நானே எப்படிங்க என் கையால..."

"அது உன் டிரைவர். என் பஸ்ஸுன்னா நான் ஏதாச்சும் சொல்லுவேன்," என்றார் அவர். அக்காவுக்கு அந்தப் பதில் எரிச்சலாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, புதிய எண் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் மறுபடி வார்டுக்குப் போனார். திரை கண் கொட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. தலைமைச் செவிலியர் கொண்டையிலிருந்து பேனாவை உருவி, ஒரு துண்டுத் தாளோடு கட்டில் கட்டிலாகப் போய், மானிட்டரைப் பார்த்துப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கை பரபரத்தது. பெட்டி ஓடுகிறது, திரை ஓடுகிறது, இன்னும் கையால் நகல் எடுப்பதா?

"எதுக்கு சிஸ்டர் எழுதுறீங்க? அதான் எல்லாம் மானிட்டர்லயே இருக்கே."

"டாக்டர் அவர் ரூம்ல உக்காந்துக்கிட்டு நம்பர் கேப்பார் மேடம்."

"கேட்டா?"

செவிலியர் முதல் தடவையாக நின்றார். விளையாட்டுக்குக் கேட்கிறாரா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டா மானிட்டரையே தூக்கிட்டா போவேன்? அது இங்க வேலை பார்க்கணும்ல. நாலு நம்பருக்குத் துண்டுப் பேப்பர் போதாதா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். முகம் சூடாகிவிட்டது. இரண்டு வருடமாகத் தொண்ணூறு பைட்டுக்காக மானிட்டரையே தூக்கிக்கொண்டு அலைந்தது தான்தான் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில், வெகு நாளாக இறுக்கிக் கட்டியிருந்த ஒன்று அவிழ்ந்த மாதிரியும் இருந்தது.

மதியத்துக்குள் ஆறு வரியும் எழுதியாகிவிட்டது. நாற்பது கட்டில் இருப்பதாகப் பாவனை செய்து, இந்த முறை இடத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கிற சோதனைப் புரோகிராம் ஒன்றை வேண்டுமென்றே எழுதி ஓட்டினார். அந்த ஆறு வரி இல்லாவிட்டால் மலையேறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போகிற, பூட்டிக் கிடக்கும் இடங்களின் எண்ணிக்கை இப்போது தரையோடு தரையாகக் கிடந்தது. எண்பது கட்டில் போட்டார், அப்போதும் அசையவில்லை. எதற்கும் வேகத்தையும் அளந்து பார்ப்போம் என்று பார்த்தால், முன்னைவிட ஒரு பிடி கூடவே இருந்தது. பெரிய இடத்தைக் கைமாற்றி, கணக்கு வைத்து, திரும்ப வாங்குகிற நேரத்தைவிடத் தொண்ணூறு பைட்டை நகல் எடுக்கிற நேரம் குறைவு. அக்காவின் மூக்கு ஒரே வாரத்தில் இரண்டாவது முறை உடைந்தது. இந்த முறை அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மின்விசிறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த ஆறு வரியையும் சரிபார்க்க மேலாளருக்கே அனுப்பினார். அவர் நாற்காலியோடு உருண்டு வந்தார்.

"அக்கா, இதை நான் எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

"பார்த்திருப்பீங்க. போன வருஷம் நீங்க எழுதினதுதான். நான் படிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

மேலாளர் இதை எதிர்பார்க்கவில்லை. காதைச் சொறிந்துகொண்டார். "அப்ப என் வரில ஒரு பிழை இருந்துச்சு, நீங்க போட்டதுல அது இல்ல," என்று முணுமுணுத்தார்.

"அதுக்குத்தான் படிச்சுப் பார்த்திருக்கணும்," என்றார் அக்கா.

அதோடு விடவில்லை. விற்பனைத் தாளையும் மாற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். 'பெரியவற்றுக்கு நகல் இல்லை. சிறியவற்றுக்கு ஒன்று' என்று தானே எழுதிக் கொடுத்தார். மேலாளருக்கு இதுதான் தலைவலியாக இருந்தது.

"வாங்குறவங்கள்ல யாருக்குக்கா இது புரியப்போகுது?"

"எனக்குப் புரியுதே."

அச்சடித்து வைத்திருந்த அறுநூறு தாளும் குப்பைக்குப் போயின.

வார்டில் புதிய டிரைவரை ஏற்றிய பன்னிரண்டாவது நாள், பழைய பெட்டியைக் கழற்ற உத்தரவு வந்தது. அக்கா போயிருந்தார். பதினாறு கட்டிலிலும் ஆள் இருந்தது. இரண்டு திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. தலைமைச் செவிலியர் பழைய பெட்டியின் மின்கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடுங்காமல் நின்றார்.

"மேல ஒத்துக்கிட்டாங்க மேடம். பேப்பர்ல கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. நான் உங்களைத்தான் கேக்கிறேன். இங்க படுத்திருக்கிறது உங்க வீட்டு ஆளா இருந்தா, நீங்க இதைப் பிடுங்குவீங்களா?"

அக்காவிடம் வேகம் எவ்வளவு என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். விலை கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. கார்டிலிருந்து திரை வரைக்கும், ஒரு சேதி போகிற பாதை முழுவதையும் மனதுக்குள் ஒரு தடவை நடந்து பார்த்தார். எங்கே வாங்குகிறோம், யார் கையில் இருக்கிறது, எப்போது திரும்புகிறது, திரும்பாவிட்டால் என்ன. எண்ணிக்கையை மட்டும் இரண்டு மடங்காக்கிய டிரைவராக இருந்திருந்தால் இந்த நடையில் ஓரிடத்தில் தடுக்கியிருக்கும், அதை மென்று விழுங்கிக்கொண்டு வேறு ஏதாவது சொல்லியிருப்பார். கட்டிலில் தன் வீட்டு மனிதர் படுத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் நடந்தார். எங்கேயும் தடுக்கவில்லை.

"பிடுங்குவேன் சிஸ்டர்."

செவிலியர் குனிந்து கம்பியைப் பிடுங்கினார். பழைய திரை அணைந்தது. புதிய திரையில் பதினாறு கோடுகளும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம் தாண்டுகிற வரைக்கும் திரையிலிருந்து கண்ணை எடுக்க அக்காவால் முடியவில்லை.

செவிலியர் அதற்கு வெகு முன்பே போய்விட்டிருந்தார். ஒன்பதாவது கட்டிலில் இருந்தவர் தலையணை சரியில்லை என்று கூப்பிட்டார். செவிலியர் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, தலையணையைத் தட்டி, உயர்த்தி வைத்து, அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.